பாயைத் தளர்த்திய ஆட்டம்

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் புல் பிட்ச் கிடையாது. மண்ணைச் சமன்செய்து, அதன்மேல் தென்னை நார்ப் பாயை விரித்து, ஓரங்களில் இரும்பு ஆணி அடித்து இழுத்துக் கட்டுவார்கள். பாய் விறைப்பாக இருந்தால் பந்து ஒரே சீராக வரும், பேட்ஸ்மேனுக்குக் கொண்டாட்டம். கொஞ்சம் தொய்ந்தால் போதும், பந்து நின்று, திரும்பி, எகிறும். இது தெரியாமல் திருச்சி கிரிக்கெட்டைப் பற்றி ஒருவர் எழுதினால், அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் நான் வாரநாட்களில் வக்கீல் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமைகளில் திருச்சியில் அச்சான ஒரு தமிழ்த் தினசரியின் கிரிக்கெட் நிருபர். அந்த நிருபர் வேலையைச் சொல்லி வாங்கிக் கொடுத்தவர் என் அக்காவின் கணவர், எங்கள் பேச்சில் அத்திம்பேர். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து நடத்திய கிளப்பின் கேப்டனும் அவர்தான்.

"யாரு ஜெயிச்சாங்க, யாரு தோத்தாங்க. ஆறு வரி போதும் சார்" என்பார் செய்தி ஆசிரியர். தமிழ் வாசகருக்குக் கிரிக்கெட் எதற்கு என்பது அவர் கட்சி. ஸ்கோரை மட்டும் சொல்வதற்கு நிருபர் எதற்கு, எப்படி வந்த ஸ்கோர் என்பதல்லவா செய்தி என்று நான் வாரம் தவறாமல் மல்லுக்கட்டுவேன். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவன் என்று வீட்டிலும் எனக்குப் பெயர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறையூர் அணியோடு எங்கள் மைதானத்தில் மாவட்டப் போட்டியின் இறுதி ஆட்டம் நடந்தது. காலையில் அத்திம்பேர் நூறு அடித்தார். அவர் வாழ்நாளில் அடித்த ஒரே நூறு. அவர் ஆடிய கவர் டிரைவ்களை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கும். மனசாரத்தான் சொல்கிறேன்.

உணவு இடைவேளையில் பாயை எடுத்துப் புழுதி போக உதறி, மறுபடி விரிப்பது வழக்கம். அது உள்ளூர் அணியின் பொறுப்பு. காலையில் அணியே சேர்ந்து இழுத்துக் கட்டிய பாயை, இப்போது அத்திம்பேரும் எங்கள் சுழற்பந்து வீச்சாளரும் மட்டும் விரித்தார்கள். ஒரு முனையில் ஆணிகளை அடிக்கவே இல்லை, சும்மா செருகினார்கள். நான் போய்ச் செருப்புக் காலை வைத்து அழுத்தினேன். பாய் மடிந்து சுருண்டது.

"தொளதொளன்னு இருக்கே, அத்திம்பேர்?"

"உனக்கென்ன தெரியும்? போய்த் தயிர்சாதம் சாப்பிடு."

அம்பயரிடம் சொன்னேன். "பத்திரிகைக்காரர் சொன்னார்னு நான் பாயைப் பிரிக்க முடியாதுங்க. ஆடறவங்க சொல்லட்டும்" என்றார். ஆடுகிறவர்கள் சொல்லவில்லை. அடுத்த ஊர் மைதானத்தில் பாயைக் குறை சொன்னால், தோற்கப் பயந்தவன் என்று ஊரெல்லாம் சிரிக்கும். அதற்குப் பயந்து உறையூர்க்காரர்கள் வாயை மூடிக்கொண்டு இறங்கினார்கள், தேநீர் இடைவேளைக்குள் சுருண்டார்கள்.

சைக்கிளை எடுக்கும்போது அத்திம்பேர் பக்கத்தில் வந்தார். "பார்த்ததை மறந்துடு. உன் அக்கா எங்காத்துலதான் இருக்கா, ஞாபகம் வெச்சுக்கோ."

அந்த வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் ஒருவேளை யோசித்திருப்பேன். சொன்ன பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? காவிரிப் பாலத்தைத் தாண்டி நேரே பத்திரிகை ஆபீசுக்கு மிதித்து, ஆணி செருகியது உள்பட எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன்.

செய்தி ஆசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது உங்க அக்கா வீட்டுக்காரர் டீம்தானே சார்? வீட்ல சொல்லிட்டீங்களா?"

"காலையில பேப்பர் பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும்."

ஒரு வரிகூட வெட்டாமல் போட்டார்.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவா. நீ ஒரு ராத்திரிகூட நினைக்கலை" என்று அம்மா அழுதாள். அத்திம்பேர் எங்கள் வாசற்படி மிதிப்பதை நிறுத்தினார். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் எதிரே வந்தாலும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு போவார். அக்கா மட்டும் பண்டிகைகளுக்கு வந்து போவாள். கிளம்பும்போது எல்லோரிடமும் போயிட்டு வரேன் என்பாள், என்னிடம் சொல்ல மாட்டாள். எழுதியதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. ஆனால் இது வலித்தது.

கிளப்பில் எனக்குக் கதவடைத்தார்கள். அதனால் என்ன, ரோடு யார் அப்பன் வீட்டுச் சொத்து? மதில் ஓரம் சைக்கிளைச் சாய்த்து, கேரியர்மேல் ஏறி நின்று, நானே ரன் எண்ணி எழுதினேன். வெயிலோ மழையோ, ஓர் ஆட்டத்தையும் விடவில்லை.

அறுபதுகளின் கடைசியில் மாவட்டக் கிரிக்கெட்டின் வரலாற்றை எழுத உட்கார்ந்தேன். பொன்மலை, உறையூர், துவாக்குடி என்று பழைய ஆட்டக்காரர்களைத் தேடித்தேடிப் போனேன். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஒருநாள் சாயங்காலம் அக்காவோடு அத்திம்பேர் எங்கள் வீட்டுக்குள் வந்தார். தலை நரைத்திருந்தது. அம்மா பதறிப்போய்க் காபி போட ஓடினாள்.

"அந்த ஆட்டம் புஸ்தகத்துல வரதா?"

"வரது, அத்திம்பேர்."

"என் நூறு?"

"அதுவும் வரது."

"பாய்?"

"அதுவும்தான்."

"ரெண்டையும் சேர்த்துப் போட்டா நூறை எவன்டா நம்புவான்? அது விறைப்பா இருந்த பாய்ல அடிச்சதுடா. ஆணியில கை வெக்கலைன்னாலும் அன்னிக்கு நாங்கதான் ஜெயிச்சிருப்போம்."

"அப்புறம் எதுக்கு அதுல கை வெச்சேள்?"

காபி டம்ளரை வாங்கியவர் குடிக்காமல் வைத்திருந்தார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பயம்டா. நூறு அடிச்சும் தோத்துப்போயிடுவோமோன்னு பயந்துட்டேன்."

இத்தனை வருஷமாக அவரை வெறும் மோசக்காரர் என்றே நினைத்திருந்தேன். அந்தக் கோபம் சட்டென்று விட்டுப்போயிற்று. ஆனால் எழுத வேண்டியதை எழுதித்தானே ஆகவேண்டும்?

"இப்போ சொன்னதையும் எழுதட்டுமா?"

அவர் காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்தார்.

"எழுது. ஆனா நூறை மொதல்ல எழுது."