கிணற்றடி வெருளி

சூறாவளி எங்கள் வளவில் நின்ற பதினொரு தென்னைகளில் ஒன்பதைச் சாய்த்துவிட்டுப் போனது. அடுத்த மாரியில் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டு வளவிலும் சோளன் நட்டார்கள். தென்னை நிழலில் புல்லே ஒழுங்காக முளைக்காத வளவுகளுக்குத் திடீரென்று வெயில் வந்திருந்தது; அதை ஏன் வீணாக்குவது என்று பெண்கள் நினைத்திருக்க வேண்டும். சோளன் பொத்தி வைத்ததும் கிளிகள் வந்தன. கிளிகளை வெருட்ட வைக்கோலில் ஆள் கட்டுகிற வேலை எங்களுக்கு வந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. வெருளி கட்டுவது கிளிக்காகத்தான் என்பதைச் சிறுவர்கள் நாங்கள் இரண்டாம் நாளே மறந்துவிட்டோம். யாருடைய வெருளி அதிகப் பயங்கரம் என்பதுதான் கேள்வி. முன்வீட்டு வளவில் மாட்டு மண்டையோடு ஒன்று சேட்டுப் போட்டுக்கொண்டு நின்றது. அதைத் தோற்கடிக்க நான் ஓட்டைப் பானை ஒன்றைக் கவிழ்த்துச் சுண்ணாம்பு பூசினேன். தும்பில் தலைமயிர், சிவப்புத் துணியில் நாக்கு, கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளில் பல். கண்ணுக்குப் பால்மா டின் மூடிகள் இரண்டு எடுத்து வைத்திருந்தேன். அந்த இடத்தில்தான் உம்மா குறுக்கே வந்தார்.

“கண் வைக்காத புள்ள. இதுக்கு உசிர் குடு எண்டு மறுமையில கேட்டா என்ன செய்வாய்?”

ஓதப்பள்ளியில் லெப்பையும் அதையேதான் சொல்லியிருந்தார். ஒரு நாள் முழுவதும் யோசித்து ஒரு கண் மட்டும் வைத்தேன். ஒரு கண்ணென்றால் பாதிக் குற்றம்தானே என்பது என் கணக்கு. ஒற்றைக் கண்ணோடு அது இன்னும் பயங்கரமாக இருந்தது.

உம்மாவும் ஒரு வெருளி கட்டினார். அதைப் பார்த்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சோளனுக்குள் அதை அவர் நிறுத்தவில்லை. கிணற்றடியில் வாப்பாவின் கைக்கதிரையைப் போட்டு, அதில் ஒழுங்கைக்கு முதுகு காட்டி இருத்தி வைத்தார். வாப்பாவின் நீலச் சேட்டு, சாறன், தேங்காய்ப் பொச்சுமட்டையில் செய்த தலைக்கு மேல் வெள்ளைத் தொப்பி. முகம் கிடையாது. இரண்டு நாளுக்கு ஒரு தரம் சேட்டை மாற்றுவார். மழை இருட்டிக்கொண்டு வந்தால் கதிரையோடு தூக்கி உள்ளே வைப்பார்.

“அங்க சோளன் இல்லியே உம்மா,” என்றேன்.

“கிளி தண்ணி குடிக்க வரும்,” என்றார்.

கிணற்றடியில் நான் ஒரு கிளியைக்கூடக் கண்டதில்லை. அங்கே வந்தது எனக்கு மூத்தவளான ராத்தா மட்டும்தான். அந்த வருடம்தான் அவள் பெரியவளாகிப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருந்தாள். குளிப்பதும் உடுப்புக் கழுவுவதும் அந்தக் கிணற்றில்தான். சூறாவளி பிய்த்த கிடுகு வேலியில் அந்தப் பக்கம் இன்னும் பொத்தல்கள் இருந்தன. வேலியை மாற்றிக் கட்ட வேண்டிய வாப்பா தூரத்தில் வயல் வட்டையில் இருந்தார். கதிர் முற்றுகிற காலம். யானைக்கும் பன்றிக்கும் காவல் இருக்கப் போனால் அறுவடை முடிந்துதான் வருவார்.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, மாமி வீட்டில் பிறந்த பிள்ளைக்கு நாற்பதாம் நாள் என்று உம்மாவும் ராத்தாவும் போனார்கள். நான் விளையாட நின்றுகொண்டேன். உம்மாவின் வெருளியைத் திருத்த அதைவிட நல்ல நேரம் கிடையாது. பொச்சுமட்டைத் தலையைக் கழற்றி எறிந்துவிட்டு என் பானையைத் தூக்கி அதன் கழுத்தில் வைத்தேன். கதிரையை ஒழுங்கைப் பக்கம் திருப்பினேன். கை துறுதுறுத்தது, இரண்டாவது கண்ணையும் ஒட்டினேன். தொப்பியைச் சரித்து வைத்துவிட்டுக் கூப்பிட்டதும் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாரும் வேலியில் தொங்கினார்கள். மாட்டு மண்டையோட்டுக்காரன் வேலியிலிருந்து இறங்கிப் போனான். அதுவே எனக்குப் போதும்.

அப்போது சைக்கிளில் போன இரண்டு இளந்தாரிகள் பொத்தலுக்கு நேரே கால் ஊன்றி நின்றார்கள்.

“இதார் தங்கச்சி, உங்கட வாப்பாவா?” என்று ஒருவன் கேட்டான்.

“இல்ல, வெருளி. வாப்பா வட்டைக்குக் காவலுக்குப் பெய்த்தாரு. அறுப்பு முடிஞ்சுதான் வருவாரு.”

“அப்ப ஒவ்வொரு நாளும் இதுல இரிந்தது?”

“இதான். உம்மா கட்டின.”

அவன் மற்றவனைப் பார்த்தான். “நல்லாத்தான் கட்டியிரிக்கா,” என்றான். போய்விட்டார்கள்.

உம்மா திரும்பி வந்தபோது நான் கடப்படி வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தேன். அவர் ஏசவில்லை. வெருளியைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார்.

“ஆராச்சும் பாத்தாங்களா?”

“எல்லாரும் பாத்தாங்க உம்மா,” என்றேன்.

உம்மா மெதுவாகச் சேட்டின் தெறிகளைக் கழற்றி, அதைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். ராத்தாவும் பின்னால் போனாள். அடித்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். இரண்டாவது கண்ணால் வந்த வினை என்று எனக்கு விளங்கிவிட்டது. மூடிகள் இரண்டையும் பிடுங்கி மணலில் புதைத்து, தெரிந்த துஆ எல்லாம் ஓதினேன்.

மறுநாள் காலை ராத்தா தண்ணீர் அள்ளும்போது வேலிக்கு அப்பால் யாரோ உதட்டைக் குவித்து ஊதும் சீக்காய்ச் சத்தம் கேட்டது. ஒரு சின்னக் கல் வந்து வாளிக்குள் விழுந்தது. உம்மா அகப்பையும் கையுமாக ஓடிப்போய் எட்டிப் பார்த்தார். ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. அன்று பகல் வட்டைக்குப் போகிற உழவு இயந்திரக்காரரிடம், “புள்ளைக்குச் சுகமில்லையெண்டு சொல்லுங்க,” என்று சொல்லி அனுப்பினார். நான் ராத்தாவைப் பார்த்தேன். அவளுக்கு ஒரு சுகக்கேடும் தெரியவில்லை.

அடுத்த நாள் வாப்பா வந்தார். முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. உள்ளே உம்மா தணிந்த குரலில் கதைத்தது எனக்குக் கேட்கவில்லை. வாப்பா குளித்து, அந்த நீலச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து, அதே கதிரையை ஒழுங்கையைப் பார்க்கப் போட்டு இருந்தார். என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் சாக்கு மறைப்புக்குள் ராத்தா நெடுநேரம் குளித்தாள். அவளைச் சீக்கிரம் வா என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை.

பொழுதுசாயக் கொஞ்சம் முன்பு அந்தச் சைக்கிள் வந்தது. வாப்பா எழும்பவில்லை. சத்தம் போடவுமில்லை.

“தம்பி, உங்கட வாப்பா சுகமா இரிக்காரா?” என்று மட்டும் கேட்டார்.

“ஓம் காக்கா,” என்று மரியாதையாகச் சொன்னான் ஓட்டி வந்தவன். அதற்குப் பிறகு அந்தச் சைக்கிளை எங்கள் ஒழுங்கையில் நான் காணவில்லை.

வாப்பா புது வேலி கட்டி முடித்துத்தான் திரும்பிப் போனார். அதற்குள் யானைகள் வந்து எங்கள் வயலில் பாதியை மிதித்துவிட்டிருந்தன. செய்தி வந்த அன்று உம்மா சமைக்காமல் இருந்தார். வாப்பா அவருக்குப் பக்கத்தில் போய் இருந்து, “நெல்லு அடுத்த போகமும் விளையும்தானே,” என்றார். நானோ, என் டின் மூடிகள்தான் யானைகளைக் கூட்டி வந்தன என்று வளரும்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

ராத்தாவின் மகள் பெரியவளான வருடம், அவர்கள் வீட்டுக் கிணற்றைச் சுற்றி மதில் எழுப்பிக்கொண்டிருந்தபோதுதான் ராத்தா எனக்கு எல்லாம் சொன்னாள். வெருளி கட்டுவதற்கு முன்பே அந்தச் சீக்காய்ச் சத்தம் இருந்ததாம். உம்மாவின் வெருளியை இருத்திய பிறகு மூன்று கிழமை நின்றிருந்ததாம்.

“அது வாப்பா இல்லையெண்டு அவனுகளுக்கு எப்பிடித்தான் தெரிஞ்சிச்சோ,” என்றாள். “நீ தலைய மாத்தினதாலதான் இரிக்கும்.”

“அப்பிடித்தான் இரிக்கும்,” என்றேன்.

வேலியோரம் நின்று நான் சொன்னதை அவளிடமும் சொல்லவில்லை. அன்று எனக்கு ஒரு பெருமைதான் இருந்தது. பெரிய ஆள் ஒருவர் என்னை மதித்துக் கேட்டார். நான் ஒன்றும் விடாமல் பதில் சொன்னேன்.