இனிக்கிற தண்ணீர்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. நான் பார்த்தது பட்டப்பகலில், மண்டையைப் பிளக்கிற வெயிலில். கண்ணும் காதும் வைத்து ஒன்றும் சேர்க்கவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

என் தங்கை ரேஸ் டிராக்கில் பைக் ஓட்டுகிறவள். பைக்கைப் பார்த்துக்கொள்வது நான். கூடவே அவள் புருஷன், எங்கள் மாப்பிள்ளை. தங்கமான மனுஷன். ஆனால் பெட்ரோல் எங்கே ஊற்றுவது என்பதைத் தாண்டி பைக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. தூக்கு என்றால் தூக்குவார், பிடி என்றால் பிடிப்பார்.

அன்று டிராக்கில் பைக்கை நிறுத்தி வேலை பார்க்க எங்களுக்குக் கிடைத்தது வரிசையில் கடைசிக்கு முந்தின ஷெட். மற்ற ஷெட்டுகளில் எள் விழ இடமில்லை. எங்கள் பக்கம் மட்டும் ஆள் அரவமே கிடையாது. கடைசி ஷெட்டின் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளே ஒரே இருட்டு.

வெயில் காலத்தில் ரேஸ் பைக்குக்கு எமன் சூடுதான். ரேடியேட்டர் இடுக்குகளில் ஒட்டியிருந்த பூச்சிகளைப் பல்குச்சியால் நோண்டி எடுத்தேன். நசுங்கிய தகடுகளை நிமிர்த்தினேன். கேனிலிருந்து தண்ணீர் ஊற்றி, காற்றுக் குமிழி போகும்வரை ஹோஸை அமுக்கி விட்டேன். டிராக்கில் வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ரோட்டு வண்டிக்கு ஊற்றும் கூலன்ட் கூடவே கூடாது. தண்ணீர் கொட்டினால் வெயிலில் காய்ந்துவிடும். கூலன்ட் கொட்டினால் எண்ணெய் மாதிரி அப்படியே கிடந்து ஆளைச் சாய்க்கும்.

இத்தனை செய்தும், முதல் ஓட்டம் முடிந்து வந்தவள் ஹெல்மெட்டைக் கழற்றியதும் கேட்டாள். "என்னண்ணா இது? மீட்டர் நூத்தி எட்டு காட்டுது. கொதிக்குது!"

டேபிள் ஃபேனை ரேடியேட்டருக்கு நேராக வைத்துவிட்டு, ஓட்டுகிறவர்களின் கூட்டத்துக்கு மூவரும் போனோம். திரும்பி வந்தால்... தரையெல்லாம் தண்ணீர். ரேடியேட்டர் காலி. அடியில் தண்ணீர் வடிக்கிற போல்ட்டைக் கழற்றி, மடித்த துணிமேல் பதவிசாக வைத்திருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கவனிக்காமல் ஓட்டியிருந்தால் எஞ்சின் பாதி வழியில் இறுகி நின்று, என் தங்கை தூக்கி எறியப்பட்டிருப்பாள்.

"பக்கத்துல அந்தக் கடைசி ஷெட்காரன் வேலையா இருக்கும்" என்றேன்.

"சேச்சே. பாத்தா நல்லவங்களாத்தான் தெரியுது, மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

அவருக்கு உலகத்தில் எல்லாரும் நல்லவர்கள். அதனால் அந்தப் பேச்சை நான் காதில் வாங்கவில்லை.

அதே கேனிலிருந்து திரும்பவும் நிரப்பி அவளை அனுப்பினேன். இரண்டாவது ஓட்டத்திலும் நூற்றெட்டு. வந்ததும் ஃபேனைப் போட்டேன். "சாப்பிடப் போறோம்!" என்று பக்கத்து ஷெட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். அவர்கள் இருவரும் போனார்கள். நான் மட்டும் வாசலில் அடுக்கியிருந்த டயர்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று நினைத்தேன்.

மணி பன்னிரண்டே கால்.

'டிக்'கென்று ஒரு சத்தம். உள்ளிருந்துதான்.

எட்டிப் பார்த்தேன். வயசான ஒருவர் பைக் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எப்படி உள்ளே போனார்? ஒரே வாசல்தான். அதில் நான் இருக்கிறேன்.

ரேடியேட்டர் மூடியை வெறும் கையால் திறந்தார்.

அப்போதுதான் ஓடி வந்து நின்ற வண்டி. திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிட வேண்டும். ஒன்றும் வரவில்லை. புஸ்ஸென்ற சத்தம் கூட இல்லை.

ஃபேன் அவர் முதுகுக்கு நேராகச் சுழன்றது. தொளதொளத்த சட்டை. அது அசையவே இல்லை...

விரலை உள்ளே விட்டார். நாக்கில் வைத்தார்.

"இனிக்குது" என்றார்.

குரல் உடைந்திருந்தது. அடியில் கையை விட்டார். தண்ணீர் கொட்டுகிற சத்தம்.

"யோவ்!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தேன்.

யாரும் இல்லை.

துணி. அதன்மேல் போல்ட்.

தொட்டேன். சில்லென்று இருந்தது.

தரையில் கிடந்த தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன். இனித்தது. கேனில் இருந்ததும் இனித்தது. கூலன்ட்தான் இனிக்கும். நிறமே இல்லாத கூலன்ட்டும் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டு ஓட்டம்! என் தங்கையை இரண்டு தரம் இதோடு அனுப்பியிருக்கிறேன். குனிந்து தேடியபோது அடி ஹோஸில் ஒரு வெடிப்பு தெரிந்தது. பின்சக்கரத்துக்கு நேர் முன்னால். இன்னொரு ஓட்டம் தாங்கியிருக்காது.

ஹோஸை மாற்றினேன். கேனைக் கவிழ்த்துவிட்டு, கடையில் புதுத் தண்ணீர் வாங்கி ரேடியேட்டரை நாலு தரம் அலசி நிரப்பினேன். கடைசி ஓட்டத்தில் மீட்டர் தொண்ணூற்றாறைத் தாண்டவில்லை. அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

சாயங்காலம் சாவியைக் கொடுக்கும்போது வாட்ச்மேனிடம் கேட்டேன். "கடைசி ஷெட்ல யாரு?"

"அதைப் பூட்டி நாலு வருஷம் ஆச்சே."

"ஷட்டர் பாதி தூக்கியிருந்துச்சே..."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு அப்பாவும் பொண்ணும் இருந்தாங்க. பொண்ணுதான் ஓட்டும். வெயில் ஜாஸ்தின்னு அவரே கூலன்ட்டை ஊத்திட்டாரு. ஹோஸ் பிஞ்சு, அதுமேலயே வழுக்கி... பொண்ணு அந்த இடத்துலயே போயிருச்சு. அந்த வாரமே அவரும் போயிட்டாரு."

எனக்குக் கண் கலங்கியது. பாவம், பெற்ற மனசு. செத்தும் ஆறாமல், யார் பெண்ணையோ காப்பாற்றியிருக்கிறது. கடைசி ஷெட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேனில் ஏறினேன்.

தங்கை பின்சீட்டில் தூங்கிவிட்டாள். மெதுவாகக் கேட்டேன். "மாப்ள, கேன்ல ஏதாச்சும் ஊத்துனீங்களா?"

"ஆமா மச்சான். காலையில சாமான் இறக்கும்போது. இதை ஊத்துனா வண்டி சூடாகாதுன்னு பாட்டிலை நீட்டுச்சு. நல்லதுதானேன்னு ஊத்துனேன். ஏன், தப்பா?"

"நீட்டுச்சா? யாரு?"

"பக்கத்துல அந்தக் கடைசி ஷெட் பொண்ணு. ரேஸ் சூட் போட்டிருந்துச்சு. அந்த வெயில்லயும் ஹெல்மெட்டைக் கழட்டல."

என் கை ஸ்டீயரிங்கில் வழுக்கியது.

"வேற... ஏதாச்சும் சொல்லுச்சா?"

மாப்பிள்ளை சிரித்தார்.

"தனியா ஓட்டி ஓட்டி சலிச்சுப் போச்சாம்."