இறங்காத கதவு

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் வீட்டுக்கு வைக்கோல் கட்டும் மெஷின் வந்தது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு போனால், அறுத்த வயலில் கிடக்கும் வைக்கோலை வாரி விழுங்கி, உள்ளேயே உருட்டி, பாய் சுருட்டியதுபோல இறுக்கிக் கட்டிவிடும். பிறகு டிராக்டரில் இருக்கும் லிவரை இழுத்தால் பின்பக்கத்து இரும்புக் கதவு மேலே எழும்பி உருளையை வெளியே தள்ளும். லிவரை முன்னால் தள்ளினால் கதவு இறங்கும். அத்தனை பெரிய கதவு சித்தப்பாவின் ஒற்றைக் கைக்கு அடங்கி ஏறி இறங்குவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆசை பொங்கியது.

மெஷினைக் கொண்டுவந்து விட்ட மெக்கானிக் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். தூக்கிய கதவைத் தாங்கி நிற்பது குழாய்க்குள் அடைபட்ட எண்ணெய்தான். லிவரைத் தள்ளினால் எண்ணெய் வெளியேறிவிடும்; இன்ஜின் ஓடாவிட்டாலும் கதவு விழும். அதனால் உள்ளே கை வைக்குமுன் கதவோரத்தில் இருக்கும் சின்ன வால்வை அடைத்துவிட வேண்டும். சித்தப்பா தலையாட்டிக்கொண்டே மெஷினைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் இலத்தூர் வயலில், மத்தியான நேரம், வைக்கோல் உள்ளே சிக்கிக்கொண்டது. சித்தப்பா கதவைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, இடுப்புவரை உள்ளே நுழைந்தார். அப்பா வரப்பில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். சாப்பாடு கொண்டுவந்த அம்மா தூக்குவாளியை இறக்கி வைத்துவிட்டு மெஷின் பக்கம் போனாள். டிராக்டர் சீட் காலியாக இருந்தது. ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் லிவரை முன்னால் தள்ளினேன்.

'டக்'கென்று சத்தம் கேட்டது. கதவு அசையவில்லை.

"யாரு அங்கன லிவர தொடுதது?" என்று உள்ளேயிருந்து அலறிய சித்தப்பா, பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வந்து விழுந்தார்.

அப்பா ஓடிவந்து லிவரைப் பழையபடி நிறுத்தி, என்னைத் தூக்கிக் கீழே விட்டார். "ஏலே, வால்வ அடைச்சிட்டுத்தான உள்ள போன?"

சித்தப்பா இல்லையென்று தலையை ஆட்டினார்.

"நாந்தான் அடைச்சேன்," என்றாள் அம்மா. "அந்த மெக்கானிக்கு அவ்ளோ சொல்லிட்டுப் போனாரு. நீங்க பாட்டுக்கு உள்ள போயிட்டிய, தம்பி."

"மதினி..." என்றார் சித்தப்பா. வயலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அப்பாவுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. அடி விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். யாரும் கையை ஓங்கவில்லை.

அன்று வேலையை அப்படியே போட்டுவிட்டு ஐந்தருவிக்குப் போனோம். சாரல் சீசன் முடிகிற சமயம்தான், ஆனாலும் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆண்கள் பக்கம் குளித்துவிட்டுச் சித்தப்பா கடைசியாகத்தான் வந்தார். வந்ததும் எனக்கு மிளகாய் பஜ்ஜி வாங்கித் தந்தார். நான் கேட்காமலே இன்னொன்றும் வாங்கித் தந்தார்.

அதைத் தின்றுகொண்டே அம்மாவிடம் முறையிட்டேன். "சித்தப்பா தள்ளுனா இறங்குது, நான் தள்ளுனா மட்டும் ஏம்மா இறங்கல?"

அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஈரத் தலையை முந்தானையால் வலிக்க வலிக்கத் துவட்டினாள். வீடே சந்தோஷமாக இருந்த அந்த நாளில், கதவு என் பேச்சைக் கேட்கவில்லை என்ற கோபம் எனக்கு மட்டும் கடைசிவரை ஆறவே இல்லை.