சத்தப் பொட்டலம்

குண்டசாலை இருளப்பன் டேஷ்போர்டைக் கழற்றினால், திருப்பிப் பூட்டும்போது ஒரு திருகாணியை எடுத்து ஒளித்து வைத்துக்கொள்வானாம். ஆறு மாதத்தில் அந்த இடம் தளர்ந்து மறுபடி ஆடுமாம். வண்டிக்காரன் மறுபடி அவன் வாசலிலேயே வந்து நிற்க வேண்டுமாம். இதைக் கட்டுகஸ்தோட்டையில் பற்றரிக் கடை வைத்திருக்கும் றிஸ்வியிடம் யாரோ சொல்ல, றிஸ்வி அக்குறணையில் ஒரு கலியாண வீட்டில் வைத்துச் சொல்ல, ஒரே சஹனை, அந்தப் பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்திருந்த ஆறு பேரில் ஒருவராக இரும்புக் கடை ஹபீல் ஹாஜியாரும் அதைக் கேட்டிருந்தார். கண்டியைச் சுற்றி ஒரு வருஷமாகத் திரிந்த கதை இருளப்பன் காதுக்கு மட்டும் வந்து சேரவில்லை. சத்தம் கேட்பதையே பிழைப்பாக வைத்திருந்த மனுஷனுக்கு!

அவருடைய கராஜ் என்பது வீட்டுச் சுவரோடு ஒட்டி இறக்கிய ஒரு தகரக் கொட்டகை. ஒரு வண்டிதான் நிற்கும். எஞ்சினைத் தொடமாட்டார், பிரேக்கைப் பார்க்கமாட்டார். மற்ற மெக்கானிக் பாஸ்மார் "அது ஒண்ணுமில்ல, பழகிரும்" என்று சொல்லித் துரத்திவிடும் வேலை ஒன்று இருக்கிறதே, வண்டி ஓடும்போது டேஷ்போர்டுக்குள் கிடுகிடுவென்றோ கிறீச்சென்றோ வந்து ஆளின் உயிரை வாங்குகிற சத்தம், அது மட்டும்தான் இருளப்பனின் தொழில்.

பிறந்தது ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவே கூரை வரை எட்டாத அரைச்சுவர். இருமுவது யார், அழுவதை அடக்குவது யார் என்று படுத்தபடியே சொல்லிவிடலாம். பதினைந்தாவது வயதில், எண்பத்துமூன்று கலவரத்தின் அந்தக் கெட்ட ஜூலையில், கூரைத் தகரத்தில் விழுவது காயா கல்லா என்று ஒரு வாரம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார்கள். அந்தக் காது அதற்குப் பிறகு மழுங்கவே இல்லை. பிற்பாடு மஹியங்கனை பஸ்ஸில் கிளீனராக ஏறியவர், ஆடுகிற ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் பழைய டிக்கெட்டை மடித்துச் செருகிச் செருகி ஒரு மாதத்தில் அந்த பஸ்ஸையே ஊமையாக்கிவிட்டார். டிரைவர், யாரோ செத்த வீட்டுக்குப் போவதுபோல இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டாராம்.

வேலையை ஆரம்பிக்கும்போது இருளப்பன் வண்டியை ஓட்டமாட்டார். சொந்தக்காரரை ஓட்டச் சொல்லி, இடது பக்கச் சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்து வருவார். சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கே இருக்காது என்பார். பிறகு கழற்றத் தொடங்கினால், முப்பது முட்டை பிடிக்கும் அட்டை ஒன்றை மடிப்பக்கம் வைத்துக்கொள்வார். கழற்றிய வரிசையிலேயே ஒவ்வொரு குழியிலும் ஆணிகள் விழும். பூட்டி முடித்ததும் வெறும் அட்டையைச் சொந்தக்காரர் முன்னால் கவிழ்த்துக் காட்டுவார். உரசுகிற இடங்களுக்கு அவர் ஒட்டுவது கம்பளி. கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற பெண்கள் மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் அதே கறுத்தக் கம்பளி. பழசாகத் தேடி வாங்கி, நாடா நாடாவாகக் கீறி வைத்திருப்பார். ரப்பர் காய்ந்தால் கத்தும், கம்பளி ஆயுசுக்கும் வாயைத் திறக்காது.

அட்டையின் கடைசிக் குழி ஆணிகளுக்கு அல்ல. உள்ளே கிடந்து சத்தம் போட்ட சாமான்களுக்கு. ஆரம்ப காலத்தில் பேராதனையிலிருந்து வந்த ஒருவர், நீ என்ன செய்தாய் என்று கண்ணால் காண ஒன்றுமில்லையே என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். ஒரு சத்தத்தை இல்லாமலாக்கியவன் எதைக் காட்டுவான்? அன்றிலிருந்து அந்தக் கடைசிக் குழியில் சேர்ந்ததைப் பேப்பரில் மடித்து, "இந்தாங்க, ஒங்க சத்தம்" என்று கையில் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. பேனா மூடி, உடைந்த கிளிப், கடலைத் தோல், பிள்ளையின் பால்பல் ஒன்று கூட ஒரு தடவை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஹபீல் ஹாஜியார் மனைவி ருக்கியாவோடு தன் ஜப்பான் காரைக் கொண்டுவந்து விட்டார். மஹியங்கனைப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் றமீலாவைப் பிள்ளைப்பேற்றுக்குக் கூட்டிவரப் போகிறார்கள். ஏழு மாதம். இந்தச் சத்தத்தோடு அந்த மலைப்பாதையின் பதினெட்டு வளைவு ஏறினால் பிள்ளைக்குத் தலை வெடித்துப்போகும் என்று ருக்கியா வற்புறுத்தித்தான் இங்கே வந்தது.

இருளப்பன் சத்தத்துக்கு மூன்று காரணம் கண்டார். போன் வைக்கிற தட்டு பிளாஸ்டிக்கோடு உரசியது. காற்று வருகிற வாய்க்குள் ஒரு பேரீச்சங்கொட்டை. இந்த இரண்டும் சில்லறை. மூன்றாவதுதான் கள்ளன். ஸ்டீரிங் தண்டை இறக்கிப் பார்த்தால், உள்ளே இரும்புச் சட்டத்தின் மேல் ஒரு போல்ட் தன்னந்தனியே உருண்டுகொண்டிருந்தது. முன்பு எவனோ வேலை செய்தபோது கைதவறி விட்டுவிட்டுப் போனது. ஸ்டீரிங் தண்டைத் தாங்கும் நான்கு போல்ட்டுகளோடு சேர்த்துப் பிடித்தால் வித்தியாசமே தெரியாது, அதே நீளம், அதே புரி. நான்கையும் அதற்குரிய குழிகளில் போட்டு, கள்ளனைக் கடைசிக் குழியில் போட்டார். தட்டு நிறையக் கம்பளி ஒட்டினார்.

ஹாஜியார் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டு ஒன்றரைக்கு வந்து, கதிரையைக் கார்க் கதவோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருளப்பன் ஸ்டீரிங்குக்குக் கீழே மல்லாந்து கிடந்தார். நான்கு போல்ட்டையும் முதலில் கையால் ஏற்றிவிட்டு, கடைசியில்தான் ஸ்பானர் போட்டு இறுக்குவது அவர் முறை. மூன்று ஏறிவிட்டது. நான்காவது கையில் இருந்தது.

"பாஸ், ஒண்டு செல்லட்டா? கோவிக்கப்படாது," என்றார் ஹாஜியார்.

சொன்னார். சஹனில் கேட்டதை ஒன்றும் விடாமல் சொன்னார். தான் நம்பவில்லை, நம்பியிருந்தால் வண்டியைக் கொண்டுவந்திருப்பேனா என்றும் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் நல்ல மனசோடு சொல்கிறவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை.

"ஆணி தேவைப்பட்டா எங்கட கடைக்கி வாங்க பாஸ். பெட்டியோட தாறன்," என்று சிரித்தார்.

இருளப்பன் வெளியே வந்து எழுந்து நின்றார். கையைத் துடைத்தார். என்ன பதில் சொன்னார் என்பதுகூடப் பிறகு அவருக்குச் சரியாக ஞாபகம் வரவில்லை. எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன மாதிரி இருந்தது. ஹாஜியார் விளையாட்டுக்குச் சொன்னதாகக் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு இருளப்பன் மறுபடி கீழே படுத்ததும், மூடிகளைப் பூட்டியதும், வெறும் அட்டையை எப்போதையும்விட ஓங்கிக் கவிழ்த்துத் தட்டிக் காட்டியதும் ஞாபகம் இருந்தது. மனசு மட்டும் கட்டுகஸ்தோட்டைக்கும் அக்குறணைக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தது. யார், எப்போது, எந்த வண்டிக்காரன் என்று.

வத்தேகமப் பாதையில் ஒரு சுற்றுப் போய்வந்தார்கள். சமதரை ரோட்டில் கார் பூனைபோலப் போனது. பின்சீட்டில் ருக்கியா, "இப்பத்தான் இவர்ட மூச்சு வாங்குறது கேக்குது, இதுக்கும் ஏதாச்சும் ஒட்டுவீங்களா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். ஹாஜியார் பொட்டலத்தைப் பிரிக்காமலே முன்பெட்டிக்குள் போட்டார். போனைத் தட்டில் வைத்தார். மூன்று மணி அடிக்கும்போது மகளைக் கூட்டிவரத் திகனப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்கள்.

மூன்றே முக்காலுக்கு இருளப்பன் பைப்படியில் குனிந்து முகத்தைக் கழுவினார். சட்டைப் பையிலிருந்து ஏதோ நழுவிச் சீமெந்தில் விழுந்தது. பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. விழுந்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டது என்ன போல்ட் என்று.

உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான்காவதைக் கையில் வைத்திருந்தபோதுதான் ஹாஜியார் பேச்சை எடுத்தார். எழும்பும்போது அதைப் பையில் போட்டிருக்க வேண்டும். திரும்பக் கீழே போனபோது என்ன செய்தார்? கடைசிக் குழியிலிருந்த கள்ளனை எடுத்து அதன் இடத்தில் பூட்டியிருந்தால் ஒரு மோசமும் இல்லை. எல்லாம் ஒரே போல்ட்தான். அப்படியானால் பொட்டலத்துக்குள் போல்ட் இருக்காது. பொட்டலத்துக்குள் போல்ட் இருந்தால், நான்காவது இடம் வெறும் ஓட்டை. அது மட்டுமா? நான்காவது ஏறாவிட்டால் ஸ்பானர் போட்டு இறுக்கியதும் நடந்திருக்காது. மற்ற மூன்றும் கையால் ஏற்றிய அளவில்தான் நிற்கும். சமதரையில் தெரியாது. ஒரு பக்கம் மலையும் ஒரு பக்கம் பள்ளமுமாக, பதினெட்டுத் தடவை ஸ்டீரிங்கை ஒடித்து ஒடித்துத் திருப்பும்போது தெரியும்.

பொட்டலம் மடித்தது ஞாபகம் இருந்தது. உள்ளே என்ன போட்டார் என்பது இல்லை. கொட்டை ஒன்று உருண்டது. இன்னொன்று உருண்டதா?

மனைவி வடிவம்மா ஊறப்போடச் சட்டையைக் கேட்டு வந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாளியைக் கீழே வைத்தாள். அவர் சொன்னார். சுருக்கமாகத்தான் சொல்ல முடிந்தது.

"அப்ப போன் போட்டு அந்தப் பொட்டலத்தைப் பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க," என்றாள்.

அவ்வளவுதான் விஷயம். இருளப்பனுக்கும் தெரியும். ஆனால் போன் போட்டு என்னவென்று சொல்வது? ஹாஜியார், உங்கள் ஆணி ஒன்று என்னிடம் இருக்கிறது என்றா? மத்தியானம் நம்பவில்லை என்று கையைப் பிடித்த மனுஷனிடம், சாயங்காலம் அதே வாயால்? இருபது வருஷம் கவிழ்த்துக் காட்டிய அட்டை எல்லாம் பொய்யென்று ஆகிவிடும். அடுத்த கலியாணத்தில் இது யாரோ சொன்ன கதையாக இருக்காது, ஹாஜியார் தன் கண்ணால் கண்ட கதையாக இருக்கும். பூட்டித்தான் இருப்போம், பழகின கை விடாது, என்று ஒருதரம் நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் அவருக்கே அருவருப்பாக இருந்தது. அது ஒண்ணுமில்ல, பழகிரும் என்று சொல்லும் பாஸ்மாரின் குரலில் அல்லவா அது வருகிறது.

"என் பேரு போயிரும் வடிவு," என்றார்.

"நான் ஒங்களப் பேரு சொல்லியா கூப்பிடுறேன்? பேரு போனா எனக்கென்ன. ஏழு மாசத்துப் புள்ள அந்த வண்டியில வரப்போகுது. போனை எடுங்க."

எடுத்தார். ஈரக்கையில் நம்பர் இரண்டு முறை பிழையாக விழுந்தது. மூன்றாவது முறை மணி போனது.

மணி போகிறது என்றால் நல்லது. அந்தப் பாதையில் எந்தத் திருப்பத்தில் சிக்னல் சாகும் என்று அவருக்குத் தெரியும், பிறந்த இடம் அல்லவா. ஹுன்னஸ்கிரியவைத் தாண்டினால் எடுத்த எடுப்பில் பெண்குரல் ஒன்று சிங்களத்தில் தொடர்பு இல்லை என்று சொல்லும். மணி போகும்வரை அவர்கள் இந்தப் பக்கம்தான். வளைவுகள் இன்னும் வரவில்லை. மணி போய்ப் போய் நின்றது. மறுபடி போட்டார்.

ருக்கியாவின் நம்பர்? அவருடைய போன் தண்ணியில் விழுந்து கடையில் கிடக்கிறது என்று மத்தியானம் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னதாக வடிவம்மா சொன்னாள். ஹாஜியாரின் அக்குறணைக் கடைக்கு எடுத்தால், வெள்ளிக்கிழமை, பூட்டிக் கிடக்கிறது. சந்தியிலிருந்து ஓட்டோ ஒன்றைக் கைதட்டிக் கூப்பிட்டு நிறுத்தியவளும் அவள்தான். மாற்றுச் சட்டை ஒன்றை அவர் மடியில் எறிந்தாள். பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரையும் எறிந்தாள்.

திகனயைத் தாண்டும்போது ஆறாவது தடவை. இனி என்ன சொல்வது என்ற யோசனையெல்லாம் போய்விட்டது. ஹலோ என்றதும் சொல்ல வேண்டியதை வாய் தானாகவே வரிசையாக வைத்திருந்தது. ஹாஜியார், ஓரமா நிப்பாட்டுங்க. பொட்டலத்தைப் பிரிங்க. உள்ள போல்ட் இருந்தா வண்டிய எடுக்காதீங்க, நான் வந்துக்கிட்டு இருக்கேன். ஆமா, ஆணி என்கிட்டதான் இருக்கு. யாருக்கு வேணும்னாலும் சொல்லுங்க.

ஓட்டோக்காரன், எடுக்கிறார்களா அண்ணே என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டான். இருளப்பன் தலையை ஆட்டினார். மணி போகுது, எடுக்கல்ல. இவ்வளவு நேரமா, காரில் இருவர் இருந்துமா, காதில் விழாமல்?

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஜும்ஆவுக்குப் போகும்போது ஹாஜியார் போனின் சத்தத்தை நிறுத்தியிருப்பார். திரும்பப் போட மறந்திருப்பார். நிறுத்திய போனும் அதிரத்தான் செய்யும். நேற்றாக இருந்தால் அந்த அதிர்வுக்குத் தட்டு முழுவதும் கிடுகிடுத்து ஆளைப் பைத்தியமாக்கியிருக்கும், எடுக்காமல் இருந்திருக்க முடியாது. இன்றைக்கு அந்தத் தட்டில் அவரே ஒட்டிய கம்பளி. இரண்டு அடுக்கு, மூலைகூட விடாமல், ஒரு சத்தமும் வராதபடி.

தெல்தெனிய ஏற்றத்தில் ஓட்டோ முக்கியது. இருளப்பன் போனைக் காதோடு அழுத்தி, மற்றக் காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். மணி போய்க்கொண்டிருந்தது.