அட்டையில் ஏறிய எமாந்தா

சைமி இரண்டாம் தாரமாகத்தான் ஹோன்காவாரா கிராமத்துக்கு வாழ வந்தாள். ஏமெலியின் முதல் மனைவி காசநோயில் போனபோது பிள்ளை இர்யாவுக்கு நாலு வயது. வந்த அன்றே பிள்ளை அவளை எமாந்தா என்றது. வீட்டு எஜமானியை வேலையாட்களும் அக்கம்பக்கத்தாரும் கூப்பிடுகிற பேர் அது. அம்மாவைக் கூப்பிடுகிற ஐத்தி, செத்தவளோடு போய்விட்டது. நாளானால் மாறும் என்றார்கள். இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. ஏமெலியும் போய்ச் சேர்ந்தான். மாறவில்லை.

இப்போது இர்யா சுவீடனுக்கு மில் வேலைக்குப் போகிறாள். வெள்ளிக்கிழமை பஸ். அதற்குள் ஒரு தரம் ஐத்தி என்று காதில் விழாதா என்று சைமிக்கு இருந்தது. கேட்டு வாங்குகிற பண்டமா அது?

புதன்கிழமை ஹெல்சின்கியிலிருந்து கெர்த்து என்பவள் வந்தாள். அகராதிக்காக ஊர் ஊராய்ப் போய், எதற்கு என்ன சொல் என்று கேட்டு, அட்டைக்கு ஒன்றாக எழுதுகிறவள். ஏழு மாட்டையும் கறந்துவிட்டு வந்த சைமி, கால் வலியோடு காப்பி வைத்தாள். பால் வடிகட்டிக்கும் புல் உலர்த்தும் கழிக்கும் அலுத்துக்கொண்டே பேர் சொன்னாள். கடைசியில் கெர்த்து, இந்த வீட்டில் அம்மாவை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்றாள்.

சைமி அடுப்பைக் கிளறப் போய்விட்டாள்.

சும்மா இருக்க முடியாமல் கெர்த்துவே பேசினாள். ஐத்தி நம் ஆதிச் சொல் இல்லையாம். ஜெர்மானியக் கூட்டத்தாரிடமிருந்து வந்து ஒட்டிக்கொண்டதாம். நம் சொந்தச் சொல் எமோ. அது இப்போது பெரும்பாலும் விலங்குக்கும் பறவைக்கும் என்று ஒதுங்கிவிட்டது.

"எமாந்தா இருக்கே, அது அந்த எமோ வயித்துல பொறந்த சொல்லுதான்" என்றாள்.

கிளறுகிற சத்தம் நின்றது.

"வெளியிலேர்ந்து வந்த சொல்லு வீட்டுல ஒட்ட எத்தனை வருஷம் ஆச்சாம்?" சைமி திரும்பாமலே கேட்டாள்.

"வந்தே ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"எனக்கு அவ்வளவு தாங்காது தாயி. முழங்கால் விட்டுப்போச்சு."

மேஜையோரம் காப்பி குடித்துக்கொண்டிருந்த இர்யா சிரிக்கவில்லை. "நான் எமோ கிமோன்னு தெரிஞ்சு கூப்பிடலை. அம்மான்னு நெனச்சும் கூப்பிடலை, அப்போ." கோப்பையைத் தள்ளி வைத்தாள். "எழுதிக்குங்கக்கா. இந்த வீட்டுல பெத்த அம்மாவுக்கு ஐத்தி. வளத்த அம்மாவுக்கு எமாந்தா."

கெர்த்து எழுதினாள். சைமி கரிக் கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கி, தூரமாய்ப் பிடித்து இரண்டு தரம் படித்தாள்.

வெள்ளிக்கிழமை பால் கேன் வைக்கிற மேடையருகே பஸ் நின்றது.

"வர்றேன், எமாந்தா."

"காலுறை ரெண்டாப் போட்டுக்க" என்றாள் சைமி.

பஸ் போனதும் காலிக் கேன்களைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்கு நடந்தாள். ஏழு மாடு, இனி ஒற்றை ஆள்.