நைனாவின் ஐஸ் பெட்டி

மற்ற வீடுகளில் ஹாலில் ஷோகேஸ் இருக்கும். எங்கள் வீட்டு ஹாலில் பிணம் வைக்கிற ஐஸ் பெட்டி இருந்தது. உத்திரமேரூர் பக்கத்தில் நெல்லும் வேர்க்கடலையும் பயிர் செய்கிற குடும்பம் எங்களுடையது. அந்த வீட்டுக்குள் ஐஸ் பெட்டி வந்ததற்குக் காரணம் என் நைனாவின், அதாவது என் அப்பாவின், பக்தி.

நைனா பெருமாள் பைத்தியம். நெற்றியில் திருமண் இல்லாமல் மாட்டுக்குத் தண்ணீர்கூடக் காட்டமாட்டார். ஒரு சித்திரை வெயிலில் எங்கள் தெருக்கோடியில் இருந்த கூலிக்காரர் ஒருவர் இறந்துபோனார். மகன் பம்பாயிலிருந்து வந்து சேர்வதற்குள் உடம்பு தாங்கவில்லை, எடுத்துவிட்டார்கள். அப்பன் முகத்தைப் பார்க்க முடியாத அந்தப் பையன் சுடுகாட்டு மண்ணில் விழுந்து புரண்டதைப் பார்த்துவிட்டு வந்த நைனா, சாப்பிட உட்கார்ந்து தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். கொஞ்ச நாளில் பஜனை கோஷ்டிக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு பெட்டியை வாங்கிவந்து ஹாலில் இறக்கினார். எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்பதில்லை. வாடகையும் கிடையாது. போன் வந்தால் டெம்போவில் ஏற்றிக்கொண்டு கூடவே போவார். அங்கே பிளக்கைச் சொருகி, குளிர் ஏறுகிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

"வைகுண்டம் போற வண்டிம்மா, சும்மா இல்ல" என்பார் பெருமையாக.

வைகுண்டம் சரி, எனக்கு மாப்பிள்ளை வர வேண்டாமா? ஊரில் என் பெயரே 'ஐஸ் பெட்டிக்காரர் பொண்ணு' என்று ஆகிவிட்டது. முதலில் வந்த இரண்டு வரன்களும் ஹாலில் கால் வைத்ததும் பெட்டியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், "போய் போன் பண்றோம்" என்றார்கள். அவர்கள் போனில் இன்னும் சார்ஜ் ஏறவில்லை போலிருக்கிறது. எனக்கோ முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவதாக ஐயங்கார்குளத்திலிருந்து ஒரு வரன் வந்தது. போட்டோவில் பார்த்தவரை எனக்குப் பிடித்துவிட்டது. அந்தப் போட்டோவை செல்போனில் எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். இதுவும் தட்டிப்போனால் வேறு யாரையும் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

அவர்கள் வரும் அன்று காலையில் அம்மா நைனாவை நிற்கவைத்துப் பேசினாள்.

"இன்னிக்கு ஒரு நாளு பொட்டி பேச்சே வூட்ல வரக் கூடாது. வந்துச்சுன்னா நான் எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன்."

"உங்க அண்ணன் தெருவுக்கும் நம்ம பொட்டிதான் போயிட்டு வந்துச்சு" என்றார் நைனா. அவருக்கு அது சண்டை என்றே புரியவில்லை.

அறுவடை சமயம் என்பதால் கொட்டகை, பின்கட்டு எல்லாம் நெல் மூட்டை. பெட்டியை நகர்த்த இடமில்லை. அம்மா அதன்மேல் பூப்போட்ட பெட்ஷீட்டை விரித்து, பிளாஸ்டிக் பூச்சாடி ஒன்றை வைத்து, பஜ்ஜித் தட்டுகளை அடுக்கினாள். பார்த்தால் பெரிய இடத்து டைனிங் டேபிள் போலத்தான் இருந்தது. ஆனால் முந்தின நாள்தான் கழுவிய பெட்டி ஓடுகிறதா என்று பார்க்க நைனா காலையில் சுவிட்ச் போட்டிருந்தார். அவர்கள் வருவதற்குள் நிறுத்திவிடுகிறேன் என்று சொன்னவர், மறந்துவிட்டார்.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் அத்தையும் வந்தார்கள். அத்தை பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். முதல் பஜ்ஜியைக் கடித்தபோது பெட்டி 'டொர்ர்ர்' என்று உறும ஆரம்பித்தது. தட்டிலிருந்த ஸ்பூன்கள் எல்லாம் ஆடின.

"இன்னாம்மா சத்தம்?"

"பிரிட்ஜுங்க" என்றாள் அம்மா, கண்ணை இமைக்காமல்.

"இம்மாம் பெரிசா கீதே! ஜில்லுனு ஒரு சொம்பு தண்ணி குடும்மா, வெயில்ல வந்தது தொண்டை காயுது."

சமையலறைக் கதவோரம் நின்றிருந்த என்னை அம்மா பார்த்தாள். நான் நைனாவைப் பார்த்தேன். நைனா சுவரில் மாட்டியிருந்த பெருமாள் படத்தைப் பார்த்தார். கதை முடிந்தது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்தப் படத்துக்கு எதிரில் பொய் சொல்ல அவருக்கு வாய் வராது.

"பிரிட்ஜ் இல்லீங்க. தவறிப்போனவங்கள வைக்கிற பொட்டி. மஞ்ச தண்ணி ஊத்தி சுத்தமா கழுவிதான் கீது, பயப்படாதீங்க."

அத்தை பாதி பஜ்ஜியை வாயிலேயே வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். முழுங்குவதா துப்புவதா என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து நைனாவின் போன் அடித்தது. மாகறலில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். துபாயிலிருக்கும் மகள் மறுநாள்தான் வந்து சேருவாள். பெட்டி உடனே வேண்டும்.

நைனா சமையலறை வாசலுக்கு வந்தார்.

"நைனா, இன்னிக்கு மட்டும் வாணாம். வேற எங்கனா கேக்கச் சொல்லு" என்றேன்.

"ஒரு பொண்ணு அப்பன் மொகத்தப் பார்க்க வந்துக்கினு கீதும்மா."

"அப்ப நான் உன் பொண்ணு இல்லியா?"

அவர் என் தலையைத் தொட்டார். "பெருமாள் பார்த்துப்பாரு" என்று சிரித்துவிட்டு டெம்போவைக் கூப்பிடப் போய்விட்டார். எனக்கு அவர் மேலும் கோபம், பெருமாள் மேலும் கோபம்.

வழக்கமாகத் தூக்க வருகிறவர்கள் அறுப்பு வேலைக்குப் போயிருந்தார்கள். டிரைவரும் நைனாவும் மட்டும் பெட்டியோடு மல்லுக்கட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை எழுந்து சட்டைக் கையை மடித்தார்.

"டேய், அதத் தொடாதடா!" என்று கத்தினார் அவருடைய அம்மா.

"ஒரு கைதானேம்மா" என்று தூக்கியவர், அங்கே இறக்கவும் ஆள் வேண்டுமே என்று வண்டியிலும் ஏறிக்கொண்டார். பெண் பார்க்க வந்தவர் பெண்ணைப் பார்க்காமலே பெட்டியோடு போய்விட்டார். அவர்கள் வந்த கார் சாவியும் அவர் பாக்கெட்டிலேயே போய்விட்டது.

மாப்பிள்ளை வீட்டார் இப்போது கிளம்பவும் முடியாது. சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் சாப்பிடவும் முடியாது. எங்கள் பக்கத்தில் பஜ்ஜி, காபி பரவாயில்லை. இலை போட்டுச் சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். மணி இரண்டைத் தாண்டியது. அம்மா கத்தரிக்காய்க் காரக்குழம்பைச் சூடு பண்ணினாள், அப்பளம் பொரித்தாள். அம்மா நல்லவள்தான், ஆனால் அப்பளத்தை அவ்வளவு நிதானமாக அவள் பொரித்து நான் பார்த்ததே இல்லை.

"எனக்கு சக்கர ஒடம்பு, மயக்கம் வருது" என்றார் அத்தை.

"கை நனைக்கக் கூடாது, தெரியும் இல்ல?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"நீ நனைக்காத. நான் நனைக்கிறேன்."

அத்தை உட்கார்ந்தார். அவர் இரண்டாம் முறை குழம்பு கேட்டபோது மாப்பிள்ளையின் அம்மாவும் பெருமூச்சு விட்டபடி இலைமுன் உட்கார்ந்தார்.

சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் பின்பக்கக் குழாயில் குளித்துவிட்டு உள்ளே வந்தார்கள். நைனாவின் நாலு முழ வேட்டியில், தலை ஈரத்தோடு நின்றவரை அப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தேன். போட்டோவைவிட நன்றாகவே இருந்தார்.

"கை நனைச்சுட்டோம்டா" என்றார் அவருடைய அம்மா, வண்டியை எங்கேயோ மோதிவிட்டவர் போல. "இனிமே இன்னா பண்றது, நாள் பார்க்க வேண்டியதுதான்."

"பார்த்தியா, பெருமாள் பார்த்துக்கினாரு!" என்று நைனா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகு வந்த எல்லா விசேஷங்களிலும் அவர் இந்தக் கதையைச் சொல்லி ஊரைச் சிரிக்கவைத்தார். நானும் சிரித்தேன். ஆனாலும், என்னைப் பற்றி அன்றைக்கு இந்த மனுஷன் ஒரு நிமிஷம்கூடக் கவலைப்படவில்லையே என்ற வருத்தம் உள்ளே இருந்துகொண்டே இருந்தது.

போன தை மாதம் நைனா தூக்கத்திலேயே போய்விட்டார். நான் கல்லாட்டம் இருந்தேன். அழுகை வரவில்லை. காரியம் எல்லாம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது என் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு. இனிமே சொல்லலாம். அன்னிக்கு மாகறல் போய்ச் சேர்ற வரைக்கும் உங்க நைனா அழுதுக்கினே வந்தாரு. 'எம் பொண்ணு வாழ்க்கைய நானே கெடுத்துட்டேன் தம்பி'ன்னு. வண்டியத் திருப்பச் சொல்லட்டுமான்னு கேட்டேன். வாணாம்னு தலைய ஆட்டிட்டு மறுபடியும் அழுதாரு."

"அந்த துபாய் பொண்ணு வந்து அப்பன் மொகத்தப் பார்த்துச்சா?" என்று கேட்டேன்.

"பார்த்துச்சு. பொட்டிய எடுக்க மறுநாளும் நான் கூடப் போனேனே. உன் வயசுதான் இருக்கும்."

அதற்குப் பிறகுதான் என் நைனாவுக்காக நான் வாய்விட்டு அழுதேன்.