எனக்கு நன்னடத்தை கொடுத்த ஏகாம்பரம்

அரசு உதவி வழக்கு நடத்துநர் வேலைக்கு, அதாவது ஏபிபி வேலைக்கு, விண்ணப்பிக்கும் ஜூனியர்கள் என்னிடம் எந்த கைடு வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். யாரும் சாட்சியைப் பற்றிக் கேட்பதில்லை. வேலையில் சேர்ந்த எட்டாம் மாதமே என் சாட்சி பொய் சொல்கிறார் என்று நானே கோர்ட்டில் சொல்ல வேண்டிய கதி எனக்கு வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. நன்னடத்தை

இந்த வேலைக்கு ஐந்து வருஷம் கிரிமினல் கோர்ட்டில் தீவிரமாகத் தொழில் செய்திருக்க வேண்டும். நானும் தீவிரமாகத்தான் இருந்தேன். சீனியரின் கேஸ்களுக்கு வாய்தா வாங்கியதில் என்னை மிஞ்ச ஆளில்லை. தேர்வு எழுதினேன், நேர்முகத்துக்குப் போனேன், பட்டியலில் பெயர் வந்தது. கடைசியாக மிச்சமிருந்தது போலீஸ் வெரிபிகேஷன்.

முறைப்படி போலீஸ்காரர் திருவொற்றியூரில் என் வீட்டுக்கு வந்து அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். ஏட்டு போன் செய்து, ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்கு என்னை வரச் சொன்னார். கடைக்காரர் பெயர் ஏகாம்பரம். அறுபது வயது இருக்கும். ஏட்டைப் பார்த்ததும் பேனாவை எடுத்தார்.

"இன்னா ஏட்டு, திருட்டா, அடிதடியா?"

"இல்ல நைனா, நன்னடத்தை."

"அத்த மொதல்ல சொல்ல வேணாமா? நல்ல பேனாவுல போட்டிருப்பேன்ல?"

'மேற்படி நபரைப் பத்து வருடங்களாக நன்கு அறிவேன்' என்று எழுதியிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "உன் பேர் இன்னாம்மா?" என்றார்.

ஏட்டு ஒழுங்கானவர். தேதியோடு 'காலை 10.30 மணி' என்று நேரமும் போட்டார். ஏகாம்பரம் ஒரு பிரதி எடுத்து என்னிடம் நீட்டினார். "வெச்சுக்கோம்மா. எப்பனா ஒதவும்." அவர் வாழ்க்கையில் சொன்ன மிகச் சரியான சொல் அதுதான்.

2. மகஜர்

எட்டாம் மாதம் என் மேஜைக்கு ஒரு திருட்டு வழக்கு விசாரணைக்கு வந்தது. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தேசிங்கு, எண்ணூர் குப்பத்து மீனவர். ஒரு ஆலையின் செம்புக் கேபிளைத் திருடி, முகத்துவாரத்துப் பக்கம் படகடியில் பதுக்கினார் என்பது குற்றச்சாட்டு. கேபிளைக் கைப்பற்றியபோது எழுதிய மகஜர் ஒன்றுதான் ஆதாரம். போலீஸ் ஒரு பொருளை எடுக்கும்போது, பொதுமக்கள் இரண்டு பேர் நின்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்தக் காகிதம்தான் மகஜர். இந்த மகஜரில் ஒரு சாட்சி அதற்குள் இறந்துவிட்டார். மற்றவர் ஜெராக்ஸ் கடை ஏகாம்பரம்.

அதில் எனக்கு ஆச்சரியமில்லை. அந்த ஸ்டேஷனின் எந்த வழக்குக் கட்டைப் பிரித்தாலும் அவர் இருப்பார். சட்டத்துக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது, ஏகாம்பரத்தின் பேனா மட்டும் பழையது. ஆனால் மகஜரின் தேதியைப் பார்த்ததும் ஏகாம்பரம் அன்று கொடுத்த பிரதியைத் தேடி எடுத்தேன். மகஜரிலும் என் வெரிபிகேஷன் தேதிதான். நேரம் காலை 10.30.

கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் எங்கள் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஆம்புலன்ஸே தவம் கிடக்கும். ஏகாம்பரமோ ஒரே நிமிடத்தில் முகத்துவாரத்திலும் இருந்தார், என் எதிரிலும் இருந்தார்.

எஸ்.ஐ.யை அழைத்துக் கேட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

"மேடம், ரோட்ல போறவன் எவன் சாட்சிக்கு வருவான்? வேலைய வுட்டுட்டு கோர்ட்டுக்கு நாலு தபா அலையணும். ஏகாம்பரம் ஒருத்தருதான் கூப்ட்டா வருவாரு."

"இதுக்கு அவர் வரவே இல்லையே, சார்."

"கையெழுத்து அவரோடதுதான? அப்புறம் இன்னா மேடம்?"

மேலதிகாரியிடம் போனேன். பிரதியைப் பார்த்தவர் கதவைச் சாத்தச் சொன்னார். "இது வெளிய வந்தா உன் வெரிபிகேஷனும் டுபாக்கூர்னு ஆயிடும்மா. நீ இன்னும் புரொபேஷன்ல இருக்க. ரெண்டு நாள் லீவு போடு. வேற ஏபிபி நடத்துவார், ஃபைல் தானா நகரும்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், லீவு லெட்டரை எழுதிவிட்டேன். மூன்று வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை. அதைக் கொடுக்கப் போகும் வழியில், கோர்ட் வராந்தாவில் ஒரு பெண் குறுக்கே வந்தாள். தேசிங்கின் மனைவி அஞ்சலை.

"நீதான் கவர்மெண்ட் வக்கீலாமே? என் வூட்டுக்காரருக்கு காட்டுப்பள்ளி கப்பல் கம்பெனில வேலை சொல்லிகீறாங்கம்மா. ஆத்துல பவர் பிளாண்ட்டு சாம்பலு வந்து மீனே கெடயாது. கம்பெனில போலீஸ் வெரிபிகேஷன் கேக்கறான். கேஸு கீதுன்னா உள்ளயே வுடமாட்டானாம். உள்ள போட்றதுன்னா போடு, வெளிய வுட்றதுன்னா வுடு. வாய்தா மட்டும் வாங்காதம்மா, நாங்க நாறிப்பூட்டோம்."

அவளுக்கும் வெரிபிகேஷன்தான் பிரச்சனை. என்னிடம் ஏகாம்பரத்தின் கையெழுத்து இருந்ததால் நான் உள்ளே, அவள் புருஷனுக்கு எதிராக அதே கையெழுத்து இருந்ததால் அவன் வெளியே. லெட்டரைக் கிழித்துப் போட்டேன்.

3. கூண்டில்

ஏகாம்பரம் துவைத்த சட்டையில் வந்தார். முதல் விசாரணையை நான் தொடங்கினேன். சம்பவத்தன்று பத்தரை மணிக்கு எங்கே இருந்தீர்கள் என்றேன். எண்ணூர் முகத்துவாரம், போலீசார் படகடியில் கேபிளை எடுத்தார்கள், நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன் என்று மனப்பாடமாகச் சொன்னார்.

"இவரைப் பிறழ்சாட்சியாகக் கருதிக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும்" என்றேன்.

சாட்சி நம் தரப்புக்கு எதிராகப் பேசினால் கேட்கும் அனுமதி அது. நடுவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சாட்சி உங்களுக்குச் சாதகமாத்தானேம்மா சொல்றார்?"

"அதுதான் பிரச்சனை, யுவர் ஆனர். அந்த நேரத்துல இவர் என் நன்னடத்தைக்குச் சாட்சி சொல்லிக்கிட்டிருந்தார்."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தவர், ஆட்சேபிப்பதா நன்றி சொல்வதா என்று புரியாமல் உட்கார்ந்துவிட்டார். நான் பிரதியைக் காட்டினேன். ஏகாம்பரம் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என் கைதான் சார். அன்னிக்கு கடையிலதான் குந்திகினு இருந்தேன். அம்மா நல்ல பொண்ணுன்னு போட்டேன். அப்பதான் மொத தபா பாத்தேன். முகத்துவாரம் பேப்பர சாயந்தரம் குடுத்தாங்க, அதுலயும் போட்டேன்."

கோர்ட்டே சிரித்தது. சிரிக்காதவர்கள் அஞ்சலையும், எஸ்.ஐ.யும், நானும்தான். நடுவர் ஏகாம்பரத்தை எச்சரித்து அனுப்பினார், எஸ்.ஐ.யிடம் விளக்கம் கேட்டார். தேசிங்கு விடுதலையானார். கேபிளை அவர் எடுத்தாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதைக் கண்டுபிடிக்கும் வேலையை யாருமே செய்யவில்லை, மகஜர்தான் எழுதியிருந்தார்கள்.

4. மறுபடியும் நன்னடத்தை

எனக்கு மெமோ வந்தது. பின்னாலேயே மறு வெரிபிகேஷன். இம்முறை போலீஸ்காரர் நிஜமாகவே தெருவுக்கு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கதவைப் பாதி திறந்து, "அவங்க வக்கீலுன்னு தெரியும். கையெழுத்துலாம் வேணாம் சார், கோர்ட்டுக்கு அலைய முடியாது" என்றார். எதிர்வீட்டிலும் அதே பதில். எஸ்.ஐ. சொன்னதில் பாதி நிஜம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

படிவத்தைப் பிரதி எடுக்க ஜெராக்ஸ் கடைக்கே போனோம். ஏகாம்பரம் என் முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னாம்மா, ஆளு கெடைக்கலியா? அன்னிக்கு உன்ன யாருன்னே தெரியாது, பத்து வருசம் தெரியும்னு போட்டேன். இப்ப நல்லாவே தெரியும். நாலு பேரு முன்னால மானத்த வாங்கினவளாச்சே. போடட்டுமா?"

"எப்போதிலிருந்து தெரியுமோ, அதை மட்டும் போடுங்க" என்றேன்.

'என் பொய்யை இவர் கோர்ட்டில் உடைத்த நாளிலிருந்து அறிவேன், நல்ல பெண்' என்று எழுதி, நல்ல பேனாவில் கையெழுத்துப் போட்டார்.

ஜூனியர்களுக்கு நான் சொல்வது இதுதான். கட்டைப் பிரித்ததும் கையெழுத்து யாருடையது என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த நேரத்தில் அந்தக் கை எங்கே இருந்தது என்றும் கேளுங்கள். கேட்டால் புரொபேஷன் நீளும். எனக்கு ஒரு வருஷம் நீண்டது. தேசிங்கு காட்டுப்பள்ளியில் எனக்கு முன்பே நிரந்தரமாகிவிட்டார்.

ஏகாம்பரம் எழுதிய படிவம் பத்தே நாளில் திரும்பி வந்தது. குறைந்தது ஐந்து வருடமாவது அறிந்தவர் கையெழுத்திட வேண்டுமாம். அவர் தெரிந்து போட்ட ஒரே கையெழுத்து, அதுதான் செல்லாது என்றார்கள்.